ஜெர்மன் அன்றாடச் சொற்கள்: வகுப்பா, சங்கமா, கடை வேலையா?

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஏ2 நிலை வரை (ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறிச் செல்லும் மொழித் தேர்ச்சிப் படிகளில் இரண்டாவது) ஜெர்மன் படித்துத் தேர்விலும் தேறிய ஒருவர், ஜெர்மனியில் வந்திறங்கிய முதல் வாரத்தில் ரொட்டிக்கடை வரிசையில் நின்று திணறுவது வழக்கமாக நடப்பதுதான். காலையில் தின்னும் சிறு ரொட்டிக்குப் பாடநூல் சொல்லித் தந்த பெயர் 'ப்ரோட்சென்'. பெர்லின்காரர்கள் அதையே 'ஷ்ரிப்பெ' என்பார்கள். மியூனிக்கில் அது 'ஸெம்மெல்', ஷ்டுட்கார்ட் பக்கம் 'வெக்லெ', ஹாம்பர்கின் பழைய ஆட்களுக்கு 'ருண்ட்ஷ்ட்யூக்'. எப்படியோ விரலால் சுட்டிக்காட்டி ஒரு முழு ரொட்டியை வாங்கிவிட்டாலும், கடைக்காரப் பெண் தலை நிமிராமல் 'கெஷ்னிட்டென்?' என்று ஒற்றைச் சொல்லில் கேட்பது, துண்டு போட்டுத் தரவா என்னும் கேள்வி என்று புரிவதற்குள் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட ஆரம்பித்திருப்பார். இலக்கணம் தெரியாததால் வரும் சிக்கல் அல்ல இது. அந்த இடத்தில் அந்தச் சொல்தான் வரும் என்ற பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள வகுப்பில் சேரலாம், மொழித்துணை ஒருவரைத் தேடிக்கொள்ளலாம், ஊர்ச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகலாம், பகுதிநேரமாகக் கடையில் வேலைக்குப் போகலாம், வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியும் செயலியும் பார்க்கலாம். வேலையும் படிப்பும் போக மிஞ்சுவது வாரத்தில் இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளே என்பதால், எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் எதையும் செய்வதில்லை. பலரும் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் வேறோர் அளவுகோலைப் பரிந்துரைப்பேன். ஒரே மனிதர்கள் வாராவாரம் ஒரே வேளையில், கையில் இருக்கும் ஒரு வேலையைப் பற்றி உங்களிடம் பேசுகிறார்களா, நீங்கள் வாய் திறக்காவிட்டால் அந்த வேலை நின்றுபோகுமா என்று பாருங்கள். இதற்கு 'ஆம்' என்ற பதில் கிடைக்கும் இடத்தில்தான் அன்றாடச் சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன.

தனியாக எந்த முயற்சியும் எடுக்காமல், 'அங்கேயே இருந்தால் தானாக வந்துவிடும்' என்று விட்டுவிடுவதையும் ஒரு தெரிவாகவே கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் யோசித்துத் தேர்ந்தெடுக்காத எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது அங்கேதான். ஜெர்மனியின் அன்றாட வாழ்க்கை வியக்கத்தக்க அளவுக்குப் பேச்சில்லாமல் நடந்துவிடக் கூடியது. ஒருமுறை பயன்படுத்தும் போத்தல்களுக்கும் கேன்களுக்கும் 2003 முதல் முன்பணம் வசூலிக்கப்படுகிறது. 25 சென்ட் வீதம் கட்டிய அந்த 'ஃபாண்ட்' தொகையைத் திரும்பப் பெற, காலிப் போத்தல்களை எந்திரத்தின் வட்டத் துளைக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, பொத்தானை அழுத்தி, வெளியே வரும் சீட்டைக் காசாளரிடம் நீட்டினால் போதும், ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. குப்பையில் காகிதத்துக்கு எது, பிளாஸ்டிக் உறைக்கு எது என்பதைத் தொட்டியின் நிறத்தை வைத்தே ஒரே வாரத்தில் பழகிவிடலாம். பெர்லினில் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு அலுவலகமும் ஆங்கிலத்தில் ஓடிவிடும். ஷ்டுட்கார்ட் வட்டாரத்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. இந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கும் முறை யாருடையது என்று வீட்டுக் கதவில் 'கேர்வோகெ' பலகை தொங்கும். அதைக் கவனிக்காமல் விட்டவரிடம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பேசுவார், அந்த ஜெர்மன் ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் திட்டு வாங்கியே ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள முடியாது.

முறையான வகுப்பு என்றால் முதலில் வருவது 2005 முதல் நடக்கும் அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு. தலா 45 நிமிடம் கொண்ட 600 பாடவேளைகள் மொழிக்கும், 100 பாடவேளைகள் நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை ஆகியவற்றுக்குமாக ஒதுக்கப்பட்டுள்ளன. முடிவில் பி1 வரையிலான மொழித் தேர்வும், 310 வினாக்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்படும் 33 வினாக்களுடன் ஒரு பொதுத் தேர்வும் உண்டு. குடும்ப இணைவு விசாவில் வரும் துணைவர்களுக்குப் பொதுவாக இதில் சேரும் உரிமை இருக்கிறது. படிக்க வந்த மாணவர்களுக்கு அந்த உரிமை கிடையாது, அவர்கள் தங்கள் பல்கலைக்கழக மொழி மையத்தையே நாட வேண்டும். உயர்தகுதி வேலைக்கு வருவோருக்கான 'ப்ளூ கார்டு' என்னும் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவரின் துணைவருக்கு விசாவுக்கு முன் ஏ1 சான்றிதழ் கட்டாயமில்லை என்ற சலுகை நல்லதுதான் என்றாலும், அதனாலேயே ஒரு சொல்கூடத் தெரியாமல் வந்திறங்கி ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிவிடும் பெண்களும் உண்டு என்பதால், அவர்களுக்கு இந்த வகுப்பைத்தான் முதலில் சொல்வேன்.

இவ்வகுப்புகளை நடத்துவோரில் முக்கியமானவை, சுருக்கமாக வி.எச்.எஸ் எனப்படும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெக்கள், அதாவது பொதுமக்களுக்கான முதியோர் கல்வி மையங்கள். நாடெங்கும் எண்ணூறுக்கும் மேல் இருக்கும் இவற்றை அரசு ஆதரிக்க வேண்டும் என்று 1919ஆம் ஆண்டின் வைமர் அரசமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். மாலை நேரத்தில் அங்கே மொழியோடு தையலும் மண்பாண்டமும் சமையலும் சொல்லித் தருகிறார்கள். கையில் ஓரளவு ஜெர்மன் உள்ளவர், மொழி வகுப்பை விட்டுவிட்டு ஜெர்மானியர்களோடு அந்தத் தையல் வகுப்பில் போய் உட்கார்ந்தால் ஊசி, நூல், கிழிசல், மடிப்பு என்று பாடநூல் தொடாத ஒரு பெட்டிச் சொற்கள் கிடைக்கும். கட்டணமும் கையைக் கடிக்காது. ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் கோதே நிறுவனத்தின் ஜெர்மனிக் கிளைகளில் நடக்கும் தீவிர வகுப்புகள் தரமானவை; ஆனால் கட்டணத்தையும் நேரத்தையும் பார்த்தால், தேர்வுத் தேதி நெருங்கியவருக்கே அவை பொருந்தும்.

வகுப்பின் பெரும் பலம் வகுப்பறையில் கூட இல்லை, இடைவேளையில் இருக்கிறது. சிரியாவிலிருந்து வந்தவரும் உக்ரைனிலிருந்து வந்தவரும் வியட்நாமிலிருந்து வந்தவரும் ஒரே மேசையில் காபி குடிக்கும்போது அவர்களுக்குப் பொதுவாக இருப்பது உடைந்த ஜெர்மன் ஒன்றுதான், யாரும் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிட மாட்டார்கள். அதே மேசையில் எல்லோருடைய பிழைகளும் எல்லோருக்கும் தொற்றிக்கொள்வதையும் மறைப்பதற்கில்லை. இன்னொரு குறை, வகுப்பு ஊர்ப் பேச்சைச் சொல்லித் தருவதில்லை. 'ஹால்ப் ட்ரை' என்றால் மூன்றை நோக்கிப் பாதி, அதாவது இரண்டரை என்பதை ஆசிரியர் நிச்சயம் சொல்லித் தருவார். இருந்தும் 'இரண்டரை' என்று முடிந்துபோன மணியோடு அரையைக் கூட்டிப் பழகிய நம் காது, முதல் சில மாதங்கள் அதை மூன்றரை என்றே கேட்கும்; மருத்துவரிடம் பெற்ற நேரத்தை ஒரு மணி நேரம் தவறவிட இது போதும். நாட்டின் கிழக்கிலும் தெற்கிலும் இதோடு நிற்பதில்லை. அங்கே இரண்டே காலை 'ஃபியர்டெல் ட்ரை' என்றும், இரண்டே முக்காலை 'ட்ரைஃபியர்டெல் ட்ரை' என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. பல பாடநூல்களில் இது ஓர் அடிக்குறிப்பாகக்கூட வராது. லைப்சிக்கில் குடியேறியவருக்கோ முதல் வாரமே தேவைப்படும்.

மொழித்துணை எனப்படும் 'டான்டம்' ஏற்பாட்டைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. நீங்கள் ஒரு மணி நேரம் ஜெர்மன் பேச, அவர் ஒரு மணி நேரம் உங்கள் மொழி பேச வேண்டும் என்பது ஒப்பந்தம். தமிழ் கற்க விரும்பும் ஜெர்மானியர் கிடைப்பது அரிது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் படிக்கிறார்கள், அந்த ஊரில் இருந்தால் முயன்று பார்க்கலாம். மற்ற ஊர்களில் அந்த இரண்டாவது மணி நேரம் ஆங்கிலத்தில் போய்விடும், சில வாரங்களில் முதல் மணி நேரமும் அதோடு சேர்ந்துவிடும். நூலகங்களில் நடக்கும் மொழிக் காபிக் கூடல்களில் ஒவ்வொரு வாரமும் புதிய முகங்கள் வருவதால், 'எந்த ஊர், எவ்வளவு நாளாயிற்று, குளிர் பழகிவிட்டதா' என்ற மூன்று கேள்விகளைத் தாண்டிப் பேச்சு போவதே பெரும்பாடு.

சங்கத்தின் கதை வேறு. 'ஃபெராயின்' எனப்படும் பதிவுபெற்ற சங்கங்கள் ஜெர்மனியில் ஆறு லட்சத்துக்கும் மேல் உள்ளன. ஏழு பேர் கூடி விதிமுறை எழுதினால் நீதிமன்றப் பதிவேட்டில் சேர்ந்துவிடலாம் என்பதால் பூப்பந்து, சதுரங்கம், பாட்டுக் குழு, புறா வளர்ப்பு, தீயணைப்புத் துணை என எல்லாவற்றுக்கும் ஒன்று உண்டு. சேரும் முன் ஓரிரு முறை சும்மா வந்து ஆடிப் பார்க்க அனுமதிப்பார்கள். உறுப்பினர் கட்டணம், குறிப்பாக விளையாட்டுச் சங்கங்களில், தனியார் உடற்பயிற்சிக் கூடத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

இங்கே சொற்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கோடை விழா நெருங்கும்போது பூப்பந்து அரங்கின் கதவில் ஒரு தாளை ஒட்டுவார்கள். இடப்பக்கம் தேவையானவற்றின் பட்டியல் இருக்கும்: உருளைக்கிழங்கு சாலட் மூன்று, நூடுல்ஸ் சாலட் இரண்டு, தட்டில் சுட்ட கேக் நான்கு, மேசை தூக்க ஆட்கள், இறைச்சி வாட்டும் அடுப்பருகே நிற்க ஆட்கள், விழா முடிந்து துடைத்துவைக்க ஆட்கள். வலப்பக்கம் வெற்றுக் கோடுகளில் பெயர் எழுத வேண்டும். எல்லோரும் எழுதிய பின் நீங்கள் மட்டும் எழுதாமல் இருக்க முடியாது. எழுதிவிட்டால், சாலட்டில் மயோனேஸ் போடுவதா வினிகரும் சூப்பும் ஊற்றுவதா என்று நான்கு பேர் உங்களோடு வாதாடுவார்கள், ஏனென்றால் உருளைக்கிழங்கு சாலட்டில் வடக்கத்தியாருக்கும் தெற்கத்தியாருக்கும் ஒத்துப்போவதில்லை. கிண்ணம், மூடி, அகப்பை, பற்றாக்குறை, மிச்சம், கடன் வாங்குதல் என்று அந்த ஒரு தாளைச் சுற்றி ஒரு மாதத்தில் புழங்கும் சொற்கள், பாடநூலின் 'உணவு' என்ற இயல் முழுவதிலும் கிடைப்பதைவிட அதிகம். மேலாக, அடுத்த ஆண்டும் அதே தாள் அதே கதவில் ஒட்டப்படும்.

சங்கத்தில் கிடைக்கும் இன்னொன்று, வகுப்பில் எளிதில் பிடிபடாத இடைச்சொற்கள். 'டோக்', 'யா', 'மால்' போன்ற இவற்றுக்கு அகராதியில் பொருள் தேடினால் தலை சுற்றும், ஆங்கிலம் வழியாக விளக்கினாலும் தெளியாது. தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 'கோம் டோக்' என்பது நம் 'வாயேன்'. 'டாஸ் இஸ்ட் யா டாயர்' என்பது 'விலை அதிகமா இருக்கே'. வாக்கியத்தின் கடைசியில் ஏகாரத்தையும் 'தானே'யையும் போட்டுப் பேசி வளர்ந்தவர்கள் ஆட்டத்தின் நடுவே நாலு முறை கேட்டாலே இவற்றின் தொனியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றுக்கு மட்டும் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்: பெரும்பாலான சங்கங்களில் எழுபது வயதுப் பெரியவரையும் 'டூ' என்று ஒருமையில்தான் அழைக்க வேண்டும், 'ஸீ' என்ற மரியாதைப் பன்மையைப் பயன்படுத்தினால் விலகி நிற்பதாக எடுத்துக்கொள்வார்கள். அப்பா வயதுக்காரரை 'நீ' என்று கூப்பிடுவது நமக்கு முதலில் நெஞ்சை உறுத்தவே செய்யும்.

குறைகளும் உண்டு. முதல் சில மாதங்கள் யாரும் வலிய வந்து பேச மாட்டார்கள். அதைப் புறக்கணிப்பு என்று நினைத்து விலகுபவர்கள் பலர், ஆனால் பெரும்பாலும் அது அவர்களுடைய கூச்சம்தான். பவேரியக் கிராமத்துப் பாட்டுக் குழுவில் சேர்ந்தால் வருவது வட்டார வழக்காக இருக்கும், அதை அப்படியே நேர்முகத் தேர்வில் பேச முடியாது. விலகுவதென்றாலும் விதிமுறையில் சொன்ன தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அடுத்த ஆண்டுக் கட்டணமும் பிடிக்கப்படும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஜெர்மனியில் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், 2002இல் குடமுழுக்குக் கண்ட, ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் எல்லாம் இருக்கின்றன. மனத்துக்கு அவை வேண்டும், ஆனால் அங்கே போவதை ஜெர்மன் கற்கும் நேரத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

கடை வேலையைப் பொறுத்தவரை, கற்கும் வேகத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை, கற்கும் பரப்பில் இதைவிடக் குறுகியதும் எதுவுமில்லை. மினிஜாப் எனப்படும் சிறுவேலைக்கான மாத ஊதிய வரம்பு 2025இல் 556 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். எந்த வேலை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கிடங்கில் பெட்டி அடுக்குவதிலும் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பதிலும் பேச்சுக்கு இடமே இல்லை, உடன் வேலை செய்பவர்களும் பெரும்பாலும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களே. ரொட்டிக்கடையின் முன்பக்கம் நின்றால் 'ஸோன்ஸ்ட் நோக் வாஸ்?' என்ற 'வேறு ஏதாவது வேண்டுமா' என்னும் கேள்வியை ஒரே காலையில் நூறு முறையாவது கேட்டாக வேண்டும், சில்லறை எண்ணும்போது இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று புரட்டிச் சொல்லும் எண் வரிசை கையோடு பழகிவிடும். வேலை தொடங்கும் முன்பே உணவைத் தொடுவோருக்கான சுகாதார அறிவுரையைச் சுகாதார அலுவலகத்தில் கேட்டுச் சான்று பெற வேண்டும் என்பதால், வாந்தி, காய்ச்சல், வெட்டுக்காயம் ஆகிய சொற்கள் சம்பளத்துக்கு முன்னரே வந்து சேரும்.

இந்த வழி மட்டும் போதுமா என்பதற்கு நம்மவர்களின் அனுபவமே சான்று. எண்பதுகளில் போரின் காரணமாக அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள், 'டொச்' என்று அவர்கள் சொல்லும் இந்த மொழியைப் பெரும்பாலும் உணவகச் சமையற்கட்டுகளிலும் தொழிற்சாலைகளிலும் கேட்டுக் கேட்டே கற்றார்கள்; அரசு வகுப்பு என்ற ஒன்று அவர்களுக்கு அப்போது இல்லை. சந்தையிலும் வேலையிடத்திலும் சரளமாகப் பேசும் அவர்களில் பலர், காப்பீட்டு நிறுவனத்திலிருந்தோ நகராட்சியிலிருந்தோ கடிதம் வந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வேலை பேச்சைத் தரும், எழுத்தைத் தராது. கடை வேலையை மட்டும் நம்புவோர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைக்காட்சி, செயலி ஆகியவற்றை நான் தனித் தெரிவாகவே கருதவில்லை, ஏனென்றால் அங்கே உங்கள் பதிலுக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஆனாலும் பொது ஒலிபரப்புக்காக ஒவ்வொரு குடியிருப்பும் 2021 முதல் மாதம் 18.36 யூரோ கட்டித்தான் தீர வேண்டியிருப்பதால், கட்டிய காசுக்குப் பார்த்துவிடுவது நியாயம். 1952 முதல் ஒளிபரப்பாகும் இரவு எட்டு மணி 'டாகஸ்ஷௌ' செய்தி தெளிவான உச்சரிப்புக்கு நல்லது, வீட்டுச் சொற்களுக்கு உதவாது. அதற்கு 1971 முதல் ஞாயிறு காலைகளில் வரும், எலி ஒன்றைச் சின்னமாகக் கொண்ட குழந்தைகள் நிகழ்ச்சியே மேல். பற்பசை குழாய்க்குள் எப்படிப் போகிறது என்பது போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் கையில் காட்டிக் குட்டி வாக்கியங்களில் விளக்குவார்கள். அன்றைய உள்ளடக்கத்தைத் தொடக்கத்தில் ஜெர்மனில் சொன்ன பின் வேறொரு மொழியிலும் சொல்வது அதன் வழக்கம். வெளியிலிருந்து வந்து தொழிலாளர்களாய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்து வந்த பழக்கம் அது. ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெ தரும் இலவசக் காணொளிப் பாடமும் வகுப்புக்குக் காத்திருக்கும் மாதங்களில் பயன்படும்.

ஆக, யார் எதைத் தேர்வது என்பது அவரவர் நாள் எங்கே கழிகிறது என்பதைப் பொறுத்தது. செவிலியராக வருபவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் பி2 சான்று தேவைப்படுவதாலும், முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ பேச்சுக்குப் பஞ்சமில்லாததாலும், மிஞ்சும் மாலைகளைச் சங்கத்தில் செலவிடுவதைவிட எழுத்துப் பயிற்சிக்கே கொடுக்க வேண்டும். ஆங்கில வழியில் முதுகலை படிக்கும் மாணவர், முதல் பருவத்தில் பல்கலைக்கழக மொழி மையமும், அடுத்த பருவ விடுமுறையில் கல்லாவோ ரொட்டிக்கடையோ என்று வரிசை மாறாமல் செய்வது நல்லது. ஏ2 கூட இல்லாமல் முன்பக்க வேலை கிடைப்பது கடினம். பெர்லினிலோ மியூனிக்கிலோ ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் பொறியாளருக்கு என் பரிந்துரை ஐயமின்றிச் சங்கம்தான், அவருக்குக் குறைவது இலக்கணத்தைவிட ஜெர்மன் பேசியே தீர வேண்டிய ஒரு மாலைப் பொழுது. கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர் ஒருங்கிணைப்பு வகுப்புக்கு இடம் கிடைக்கும் வரை, தேவாலயங்களும் குடும்ப மையங்களும் நடத்தும் தவழும் குழந்தைகள் கூடலுக்குப் போகலாம். அதே தாய்மார்கள், அதே கிழமை, பல் முளைப்பதும் தூங்காததும் பற்றிய அதே பேச்சு என்று, நான் முன்பு சொன்ன அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. இந்தக் குழுக்களைப் பற்றித் தமிழில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

குடியுரிமையை நோக்கிப் போகிறவர்கள் எந்த வழியில் கற்றாலும் பி1 சான்று காட்ட வேண்டியிருக்கும் என்பதால், சங்கத்திலும் கடையிலும் கற்றவர்கள்கூடத் தேர்வுக்கு முன் ஒரு குறுகிய தேர்வுப் பயிற்சியில் சேர்ந்துவிடுவது நல்லது. வி.எச்.எஸ்ஸின் இலையுதிர்ப் பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது, பட்டியல் கோடையிலேயே வந்துவிடும், நல்ல வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். விளையாட்டுச் சங்கங்கள் பலவும் பள்ளி அரங்குகளைப் பயன்படுத்துவதால் கோடை விடுமுறை வாரங்களில் பூட்டியே கிடக்கும். அப்போது மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வரவில்லை என்று சோர்ந்துவிடாமல், பள்ளி திறந்த முதல் வாரத்தில் பயிற்சி நடக்கும் மாலை நேரத்துக்கு, உள்ளரங்குக் காலணியோடு நேரிலேயே போய் நின்றுவிடுங்கள்.